தலை யாருடையது?

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று தமிழிலே ஒரு பழமொழி வழங்குகிறது. மோட்டார் சைக்கிள் என்ற வாகனம் உலகத்தில் தோன்றுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, தலைக்கவசத்தின் தத்துவம் முழுவதையும் நம் முன்னோர்கள் நாலே வார்த்தைகளில் சொல்லி முடித்துவிட்டார்கள். வருகிற ஆபத்து தலைக்குத்தான் வருகிறது. நடுவில் ஒரு பொருள் இருந்தால், அந்தப் பொருளோடு அது போய்விடுகிறது. பழமொழியில் இவ்வளவு தெளிவாயிருக்கும் நம் ஜனங்கள், பழக்கத்தில் மட்டும் தலைப்பாகையைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு போவானேன்? இதுதான் இந்த வாரம் நம்மைப் பிடித்துக்கொண்ட விசாரம்.

முழங்கை என்று சொன்னது அதிசயோக்தி அல்ல. எந்த ஊர்க் கடைத்தெருவிலாவது கால் மணி நேரம் நின்று பாருங்கள். ஹெல்மெட் ஒருவருடைய முழங்கையைக் காப்பாற்றிக் கொண்டு போகும். இன்னொருவருடைய பெட்ரோல் டாங்கிக்கு மகுடமாக வீற்றிருக்கும். மூன்றாமவருடைய வண்டியிலே கைப்பிடிக் கண்ணாடியில் தொங்கி ஊசலாடும். ஒரு கனவான் அதற்குள்ளே தக்காளிப் பழங்களை வைத்துக்கொண்டு வெகு ஜாக்கிரதையாய்ச் சென்றதை நாம் கண்ணாரக் கண்டோம். தக்காளி நசுங்கிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதே! தெருக் கோடியில் போலீஸ்காரரின் தொப்பி தெரிந்ததோ இல்லையோ, இத்தனை ஹெல்மெட்டுகளும் ஒரு நொடியில் உரிய ஸ்தானத்தை அடைகின்றன. அவரைக் கடந்ததும் மறுபடி முழங்கைக்குத் திரும்புகின்றன. ஆபத்து என்பது போலீஸ்காரரிடமிருந்துதான் வருமே தவிர, ரஸ்தாவிலிருந்து வராது என்பது நம்மவர்களுடைய தீர்மானம் போலும்.

சில வாரங்களுக்கு முன்னால் நமது பள்ளிக்கூடத்து விவாத சங்கத்தில் இதே விஷயத்தை எடுத்துக்கொண்டோம். "தலைக்கவசம் அணியும்படி ஜனங்களைச் சட்டத்தினால் கட்டாயப்படுத்துவது நியாயமா?" என்பது பொருள். பையன்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நியாயமல்ல என்ற கட்சியில் பேசியவர்கள் காரணங்களை அடுக்கினார்கள். வெயிலில் தலை புழுங்குகிறது, மயிர் கொட்டுகிறது, பின்னால் வரும் வண்டியின் ஹாரன் காதில் விழுவதில்லை, கழுத்து வலிக்கிறது, பக்கத்துத் தெருவுக்குப் போய்ப் பால் வாங்கி வருவதற்கெல்லாம் ஹெல்மெட் எதற்கு? கடைசியாக, விதி முடிந்திருந்தால் ஹெல்மெட் என்ன செய்யும்?

இவற்றில் முதலாவது ஆட்சேபணையை நாம் ஒப்புக்கொள்கிறோம். சித்திரை மாதத்து மத்தியான்ன வெயிலில் நம் ஊர் ரஸ்தாவில் ஹெல்மெட் அணிந்து செல்வது தபசுக்கு ஒப்பான காரியம். அதைச் சுகம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மயிரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், அந்த மயிர் முளைத்திருக்கும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படலாம். பக்கத்துத் தெருவைப் பற்றியோவென்றால், யமதர்மராஜன் மைல் கணக்குப் பார்த்துத்தான் பாசத்தை வீசுவான் என்று எந்தப் புராணத்திலும் நாம் படித்ததில்லை. விதியை நம்புகிறவர்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டுதானே வெளியே புறப்படுகிறார்கள்?

ஆனால், எல்லாரும் பேசி முடித்த பிறகு எழுந்த ஒரு பையன் வேறு விதமாகப் பேசினான். "என் தலை என்னுடையது. நான் விழுந்தால் உடைவது என் மண்டை. அதனால் வேறு எவருக்கும் நஷ்டமில்லை. குடித்துவிட்டு ஓட்டினால் தண்டியுங்கள். அது பிறருக்கு ஆபத்து. சிவப்பு விளக்கை மதிக்காவிட்டாலும் தண்டியுங்கள். என் தலையைப் பற்றிச் சர்க்காருக்கு என்ன அக்கறை?" என்றான். கரகோஷம் அடங்க வெகு நேரமாயிற்று.

இந்த வாதத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 1859-ஆம் வருஷத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கில அறிஞர் சுதந்தரத்தைப் பற்றி எழுதிய நூலில் நிலைநாட்டிய கொள்கையே ஏறக்குறைய இதுதான். பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்கு மட்டுமே ஒருவனைச் சமூகம் நிர்ப்பந்திக்கலாம். அவனுடைய சொந்த நன்மைக்காக நிர்ப்பந்திக்கக் கூடாது என்றார் அவர். சட்டம் என்பது நல்ல நோக்கத்தோடு வீட்டுக்குள் நுழைந்தாலும், நுழைந்த இடத்தைவிட்டு லேசில் வெளியே போகாது. ஆகையால், ஒவ்வொரு முறை நுழையும்போதும் அதை வாசலில் நிறுத்தி, "என்ன காரியமாக வந்தாய்?" என்று கேட்பது பிரஜைகளின் கடமை.

அமெரிக்க தேசத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அநேகம் பேர். அங்கே 1966-இல் இயற்றிய ஒரு சட்டத்தின் பயனாக, தலைக்கவசச் சட்டம் செய்யாத மாநிலங்களுக்கு ரஸ்தாப் பணியில் மத்திய சர்க்கார் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி குறைந்துவிடும் என்ற நிலை ஏற்பட்டது. பத்து வருஷத்துக்குள் அநேகமாக எல்லா மாநிலங்களும் சட்டம் செய்துவிட்டன. மோட்டார் சைக்கிள்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் கூட்டினார்கள், ஊர்வலம் போனார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். 1976-இல் மத்திய சர்க்கார் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. உடனே மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் சட்டத்தை ரத்து செய்யவோ தளர்த்தவோ தொடங்கின. ரத்தான இடங்களில் ஹெல்மெட் அணிகிறவர்களின் தொகை குறைந்தது. இறந்தவர்களின் தொகை ஏறியது. வேண்டுமென்று செய்த பரீட்சை அல்ல இது. ஆனாலும் பரீட்சையின் முடிவு மட்டும் கிடைத்துவிட்டது.

அந்த வழக்குகளில் ஒன்று 1972-இல் மஸாசூஸெட்ஸ் மாநிலத்தில் நடந்தது. "என் தலை, என் இஷ்டம்" என்பதுதான் அங்கேயும் வாதம். நீதிபதிகள் சொன்ன பதிலின் சாரம் இது: விழுந்தவனை ரஸ்தாவிலிருந்து தூக்குவது சமூகம், பொது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது சமூகம், பொதுப் பணத்தில் சம்பளம் வாங்கும் வைத்தியர்கள் அவனுக்குச் சிகிச்சை செய்கிறார்கள், பிழைத்தும் வேலை செய்ய முடியாமற் போனால் அவனையும் அவன் குடும்பத்தையும் தாங்க வேண்டியதும் சமூகமே. அப்படியிருக்க, தன்னை மட்டுமே பொறுத்த விஷயம் என்று அவன் எப்படிச் சொல்ல முடியும்?

நம் தேசத்திலும் இந்த வழக்கு நடந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் ஏற்பட்ட ஹெல்மெட் விதி, எங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையைப் பறிக்கிறது என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1988-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. தலைக்கவசம் ஒருவர் செல்வதைத் தடுக்கவில்லை. பத்திரமாய்ச் செல்வதற்கு உதவி செய்கிறது என்பதே தீர்ப்பின் கருத்து.

தலைக்கவசத்தின் வரலாற்றில் ஒரு புகழ் பெற்ற மரணம் இடம் பெற்றிருக்கிறது. முதலாவது உலக யுத்தத்தில் பெயரெடுத்த "அரேபிய லாரன்ஸ்" என்பவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1935-ஆம் வருஷம் மே மாதம் 13-ஆம் தேதி, இங்கிலாந்தில் டார்ஸெட் ஜில்லாவில் தமது வீட்டுக்குப் பக்கத்து ரஸ்தாவில் அவர் வேகமாக வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்பினார், தூக்கியெறியப்பட்டார். தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து, 46-வது வயதில் காலமானார். பாலைவனத்தில் யுத்தம் செய்து தப்பி வந்தவர், வீட்டுக்கு அருகாமையில் விழுந்து இறந்துபோனார் என்பதைப் பக்கத்துத் தெரு கட்சியாருக்கு நாம் ஞாபகப்படுத்துகிறோம்.

அவருக்குச் சிகிச்சை செய்த வைத்தியர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்பவர் ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்து, மூளை ரண சிகிச்சையில் நிபுணரானவர். தம் கண் முன்னால் போன உயிரை அவர் மறக்கவில்லை. 1941-இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாவது யுத்தம் தொடங்கிய 21 மாதத்தில் பிரிட்டிஷ் ரஸ்தாக்களில் மட்டும் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் அமர்ந்தவர்களும் மாண்டிருந்தார்கள். கவசம் அணிந்து விபத்துக்குள்ளானவர்கள் என்று அவருக்குக் கிடைத்தவர்கள் 7 பேர்தான். அந்த ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். ஏழு என்பது சின்ன எண்தான். ஆனால் பிரிட்டிஷ் ராணுவம் அதைப் பொருட்படுத்தி, அந்த வருஷமே தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. சாதாரண ஜனங்களுக்கு அங்கே சட்டம் வந்தது 1973-இல். லாரன்ஸ் இறந்து 38 வருஷம் கழித்து!

கெய்ர்ன்ஸ் தொடங்கிய கணக்கைப் பிற்காலத்தார் விரிவாகப் போட்டுவிட்டார்கள். பல தேசங்களில் நடந்த 61 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் வெளியான ஒரு தொகுப்பின்படி, மோட்டார் சைக்கிள் விபத்துகளில் ஹெல்மெட் மரண அபாயத்தை நூற்றுக்கு சுமார் 42 பங்கும், தலைக்காயத்தின் அபாயத்தைச் சுமார் 69 பங்கும் குறைக்கிறது. விதியின் கையிலிருந்து இவ்வளவு பங்கைப் பறித்துக்கொள்ள முடியுமானால் அது சாமானியமா?

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும் பையன் கையைச் சற்றே பின்வாங்கிப் பிடிக்கிறான் அல்லவா? விறைப்பாக நீட்டினால் விரல் வீங்கும். பந்து நிற்பதற்கு அவன் கொஞ்சம் நேரம் கொடுக்கிறான். ஹெல்மெட் செய்யும் காரியமும் அதுவே. வெளியோடு அடியை ஓரிடத்தில் விழவிடாமல் பரப்புகிறது. உள்ளேயுள்ள விறைப்பான வெள்ளை நுரைப்பொருள் நசுங்கி, தலை நிற்பதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கிறது. அந்த அற்ப நேரத்தில்தான் உயிர் இருக்கிறது. ஒரு முறை நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. ஆகையால், பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி உபயோகிக்கக் கூடாது. மோவாய்க்குக் கீழே வாரை இறுக்காமல் அணிவதோ வெறும் அலங்காரம். தலை தரையைத் தொடுவதற்கு முன்பே கவசம் தன் வழியே போய்விடும்.

இனி, கால்மிதி சைக்கிளுக்கு வருவோம். இங்கே நமது தீர்ப்பு வேறு. 1961-இல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு முதன்முதலாகச் சட்டம் செய்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலை 1 முதல் சைக்கிள்காரர்களுக்கும் கட்டாயமாக்கி, அதிலும் உலகத்துக்கு முன்னோடியாயிற்று. தலைக்காயங்கள் குறைந்தன. ஆனால் சைக்கிள் ஓட்டுகிறவர்களும், விசேஷமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், குறைந்து போனார்கள். காயம் குறைந்தது கவசத்தினாலா, ஓட்டுகிறவர்கள் குறைந்ததனாலா என்று இன்னும் வழக்காடுகிறார்கள். வியாதியைத் தடுக்கும் நல்ல தேகப் பயிற்சியை ஒரு சட்டம் விரட்டி அடித்தால், லாபத்தைவிட நஷ்டம் அதிகமாகலாம் என்பது எதிர்க்கட்சியின் வாதம். ஹாலந்து தேசத்தில், ஜனங்கள் அன்றாடம் கடைக்கும் பள்ளிக்கும் வெறுந்தலையோடுதான் சைக்கிளில் போகிறார்கள். அவர்களைக் காப்பாற்றுவது, லாரியும் மோட்டாரும் வராமல் தனியே போட்டிருக்கும் சைக்கிள் பாதை. சைக்கிளில் செல்லும் குழந்தைக்குக் கவசம் நல்லதுதான். பெற்றோர் வாங்கிக் கொடுக்கட்டும். ஆனால் சர்க்காரின் முதற் கடமை சைக்கிளுக்குப் பாதை போடுவது. பாதையைப் போடாமல் அபராதம் மட்டும் போடுவது, கூரையைப் பிரித்துவிட்டு நனைந்தவனைக் கோபித்துக்கொள்வது போலாகும்.

மோட்டார் வண்டிக்கு இந்த வாதம் செல்லாது. அதை ஓட்டுவதனால் தேகப் பயிற்சி ஒன்றும் நடப்பதில்லை, வேகமோ பன்மடங்கு. நம் தேசத்து மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் வருஷத்தியது. அதன் 129-வது பிரிவு, ஓட்டுகிறவரை மட்டுமல்ல, பின்னால் அமர்ந்து வருகிறவரையும் கவசம் அணியச் சொல்கிறது. தமிழ் நாட்டில் 2015 ஜூலை 1 முதல் இருவரும் அணிந்தே தீரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி ஏற்பாடாயிற்று. அதற்கு முந்திய நாட்களில் ஹெல்மெட் கடைகளில் இருந்த கூட்டம், தீபாவளி ஜவுளிக் கூட்டத்தைத் தோற்கடித்தது. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் என்று விதித்தார்கள்.

பலன் என்ன? மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் வருஷத்தில் இந்திய ரஸ்தாக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் கவசம் அணியாமல் மாண்டவர்கள் 50,029 பேர். அந்த ஐம்பதினாயிரத்தையும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: ஓட்டியவர்கள் 35,692, பின்னால் அமர்ந்து வந்தவர்கள் 14,337.

இந்தக் கடைசி எண்ணைக் கண்ட பிறகுதான் நம் பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சொல்லவேண்டிய பதில் நமக்குக் கிடைத்தது. "என் தலை என்னுடையது" என்றான் அவன். சரி, அப்பா, உன் வாதத்தையே ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தலை யாருடையது?

காலை ஒன்பது மணிக்கு நமது பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும் ஸ்கூட்டர்களைத் தினமும் பார்க்கிறோம். முன்னால் தகப்பனார். அவர் தலையில், ஒழுங்காகவே சொல்லவேண்டும், கவசம் இருக்கிறது. அவருக்கு முன்னே நிற்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு ரிப்பன்தான் கவசம். பின்னால் ஒரு பக்கமாக அமர்ந்து, புத்தகப் பையையும் சாப்பாட்டுக் கூடையையும் சேலைத் தலைப்பையும் ஒருங்கே பிடித்துக்கொண்டிருக்கும் தாயாருக்கு மல்லிகைப்பூதான் கவசம். மூன்று தலைகள், ஒரு ஹெல்மெட். அதுவும் யார் தலையில்? அபராதம் கட்ட வேண்டியவர் தலையில்! வண்டி சறுக்கினால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியாவது அவருக்கு உண்டு. பின்னால் இருப்பவருக்கு அதுவும் கிடையாது.

அந்தத் தகப்பனார் அன்பில்லாதவர் என்று யார் சொல்வது? குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தால் இரவெல்லாம் உறங்காதவர் அவர். ஆனால் "குழந்தையின் கழுத்து தாங்காது" என்று யாரோ சொன்னார்கள், கேட்டுக்கொண்டார். வியட்நாம் தேசத்துப் பெற்றோரும் இப்படித்தான் சொன்னார்கள். அங்கே 2007 டிசம்பர் 15 முதல் எல்லா ரஸ்தாக்களிலும் கவசம் கட்டாயம் என்றார்கள். அன்று காலையிலேயே தெருவெல்லாம் ஹெல்மெட்டாக மாறிவிட்டது. ஆனால் குழந்தைகளுக்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே பெரியவர்கள் கவசத்தோடும், நடுவில் குழந்தைகள் வெறுந்தலையோடும் சென்றார்கள். ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளை அப்படி ஏற்றிச் செல்லும் பெரியவர்களுக்கு அபராதம் என்று 2010-இல் விதி செய்து, அந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. நம் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. நாலு வயதுக்கு மேற்பட்ட எவரும் கவசம் அணியவேண்டும். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கவசத்தோடு ஓட்டுகிறவருடன் சேர்த்துக் கட்டும் வாரும் வேண்டும். வண்டி மணிக்கு 40 கிலோ மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 2022-இல் விதி வந்திருக்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது. குழந்தை ஸ்கூட்டரில் நிற்கிறது.

தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு இருக்கிறதே, இது என்ன நியாயம் என்று சிலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தும் 1976-இல் இந்த விலக்கை அளித்தது. மதக் கடமையாகத் தலைப்பாகையை ஏற்றவர்கள் மனசாட்சியின்படி ஓர் அபாயத்தை அறிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள். நமக்கோ இந்த விஷயத்தில் மனசாட்சியின் தொல்லை எதுவுமில்லை, சோம்பல்தான் தடை. சோம்பலுக்கு விலக்குக் கொடுக்க எந்தச் சட்டசபையாலும் முடியாது.

கட்டாயச் சட்டம் வேண்டுமென்றே நாம் முடிவு செய்கிறோம். ஆனால், கட்டாயப்படுத்துகிறவருக்கும் சில கடமைகள் உண்டு. நடைபாதையில் விற்கும் மட்டமான சரக்கு, தலைக்குப் போடும் பிளாஸ்டிக் கிண்ணமே தவிரக் கவசமல்ல. இந்தியத் தர முத்திரையில்லாத ஹெல்மெட்டுகளைத் தயாரிப்பதும் விற்பதும் கூடாது என்று 2021 ஜூன் 1 முதல் உத்தரவு அமுலில் இருக்கிறது. வாங்குகிறவரை வளைத்துப் பிடிக்கும் சுறுசுறுப்பில் பாதியை, விற்கிறவரிடமும் காட்ட வேண்டாமா? ரஸ்தாவில் பள்ளத்தை வைத்துவிட்டு, பள்ளத்தில் விழுந்தவன் ஹெல்மெட் அணிந்திருந்தானா என்று மட்டும் விசாரிப்பதும் பாதி நியாயந்தான். குடிமகன் தலையைக் காக்கட்டும். சர்க்கார் தரையைக் காக்கட்டும்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக இருக்கும்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டு வண்டியில் ஏறுகிற தலைகள் எத்தனை? வீட்டில் இருக்கும் கவசங்கள் எத்தனை? இரண்டு எண்ணும் சரியாக இருந்தால் மிகவும் சந்தோஷம். குறைந்தால், கடைக்குப் போகும்போது குழந்தையையும் கூடவே அழைத்துப் போங்கள், பஸ்ஸில் போங்கள். பிறருடைய தலைக்கு அளவெடுத்து வாங்கிவந்த கவசம் அதற்குப் பொருந்தாது. வாரை மாட்டி, தலையை இடமும் வலமும் அசைக்கச் சொல்லி, கவசம் கூடவே அசைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நிறத்தை மட்டும் குழந்தையின் இஷ்டத்துக்கே விட்டுவிடலாம்.